பதினோராவது புரோட்டா

ஏலே,

இன்று காலை பையை உதறினேன். வரைபடப் புத்தகத்துக்குள்ளிருந்து உன் பேச்சுத்தாள் விழுந்தது. திருடியவன் நான்தான்.

வகுப்பில் பேச்சுப்போட்டித் தேர்வு. பள்ளிகளுக்கு அதிகம் செலவிடும் நாடுகளில்தான் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா? நான் 'ஆமாம்' கட்சி, நீ 'இல்லை' கட்சி. ஜெயிப்பவனுக்கு ஓட்டப்பிடாரம் போட்டியில் இடம். அதற்காக ஒரு வாரம் நம்ம மில்லர்புரத்துத் தெரு ஆடுகளிடமெல்லாம் பேசிப் பழகினாய். தெரிந்துதான் உன் தாளை உருவிவிட்டு, அண்ணாச்சி கடை விலைப்பட்டியலை மடித்துவைத்தேன்.

நீ பிரித்தாய். "புரோட்டா..." என்றாய். வகுப்பே சிரித்தது. உன் காது சிவந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னலே, பேச வந்தியா, பார்சல் வாங்க வந்தியா?" என்றார் சார்.

"புரோட்டாவப் பத்தித்தான் பேச வந்தேன் சார். பசிச்சவனுக்கு மொத ரெண்டு புரோட்டா உசிரு. மூணாவது ருசி. பதினோராவது வயித்துவலி. நாடும் அப்படித்தான். கூரையில்லாத பள்ளிக்கூடத்துக்குச் செலவழிச்சா பிள்ளைக படிக்கும். எல்லாம் இருக்க எடத்துல மேல மேல கொட்டுனா ஏப்பந்தான் வரும். மாஸ்டர் சரியில்லன்னா மூட்டை மூட்டையா மைதா வாங்கி என்ன செய்ய?"

"மாஸ்டர்னு யாரலே சொல்லுத?"

"கடை மாஸ்டரத்தான் சார்!"

சாரே சிரித்துவிட்டார். இடம் உனக்கு. வெளியே வந்ததும் என் முதுகில் ஒரு குத்து: "செலவில்லாம ஜெயிக்க வச்சிட்டியலே!"

போட்டிக்கு முன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பாழாய்ப்போன கொசு, கடிக்க வேறு ஆளா இல்லை? உன் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். நானோ 'ஆமாம்' கட்சி. என் பேச்சைப் பேசினால் உன்னைத் தோற்கடித்ததுபோல் ஆகும். உன்னுடையதைப் பேசினால் இன்னொரு திருட்டு. பஸ்ஸில் போகும்போதுகூட முடிவெடுக்கவில்லை.

அங்கே பட்டியலில் பெயரை மாற்றவே இல்லை. ஒலிபெருக்கியில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். சார் பதறி எழுந்தார். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது: "உள்ளேன் ஐயா!"

அப்புறம் என்ன, புரோட்டாதான். ஒரு வரி விடாமல் உன் பேச்சு. நீ விட்ட இடங்களில் நானும் மூச்சு விட்டேன். நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சிரித்தார்.

இரண்டாம் பரிசு. சான்றிதழிலும் உன் பெயர்தான். விஷயம் தெரிந்ததும், "மன்னிக்கணும் தம்பி, திருத்தித் தரட்டுமா?" என்று கேட்டார்கள்.

எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

"பிழை ஒண்ணும் இல்லையே சார்" என்று வாங்கிவந்துவிட்டேன்.