புகைக்கொட்டகையில் தொங்கிய கிராணி

எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான் மச்சான். இன்று காலை அம்பாங்கானில் இருக்கிற வீட்டில் உன் பேரன் கம்ப்யூட்டரை விட்டு எழ முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அடிக்கடி எழுந்து கையைத் தூக்கி உடம்பை நீட்டவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தைலம் தேய்த்துவிட்டேன். அந்த வாசனையில், எப்போதோ போய்ச்சேர்ந்த நீ கண்முன் வந்து நின்றாய். இந்த வைத்தியத்தை ஜப்பான்காரன் காலத்திலேயே கண்டுபிடித்தவன் நான். மலாயாவிலேயே முதல் ஆள் என்றும் சொல்லலாம். மறுக்க யாரும் உயிரோடு இல்லை.

லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில் நீ கணக்கெழுதும் கிராணி, நான் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவன், என் தங்கச்சி உன் பெண்டாட்டி. சும்மா நிற்கிற ஆண்களையெல்லாம் சயாமுக்கு ரயில் ரோடு போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான் ஜப்பான்காரன். மேசையில் வேலையாக இருக்கிறவனை மட்டும் விட்டுவைத்தான். அதனால் நீ நாற்காலியை விட்டு எழவே பயந்தாய். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்தபடி எழுதினாய். கொஞ்சம் நடமாடச் சொல்லி ஜன்னல் வழியாகக் கெஞ்சுவேன்.

“எழுந்தவனத்தான்டா புடிக்கிறான்” என்பாய்.

மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பு எவ்வளவு தாங்கும்? ஒருநாள் ஜப்பான் அதிகாரி ஆபீசுக்குள் வந்தான். எழுந்து இடுப்பை மடித்து வணங்கினாய். முதுகு பூட்டிக்கொண்டது, நிமிரவில்லை. வெளியே நின்ற எனக்கு உயிர் போய் வந்தது. அவனோ, இவ்வளவு மரியாதையை ஜப்பானில்கூடக் கண்டதில்லை என்பதுபோல் பார்த்து, வாள் தரையில் இடிக்கத் தானும் குனிந்து பதில் வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

ஆனால் மறுபடி வருவானே. வேலைக்கு ஆகாத முதுகு என்று தெரிந்தால் நாற்காலி போகும், அப்புறம் போனவன் திரும்பாத சயாம்தான். உன்னைக் கைத்தாங்கலாகப் புகைக்கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். வாங்க ஆளில்லாத காலம்; ரப்பர் ஷீட் காயப்போடும் கட்டைகள் காலியாக இருந்தன. ஒன்றைப் பிடித்துத் தொங்கச் சொன்னேன்.

“கிராணியப் போயி தொங்கச் சொல்றியே. லயத்து வீட்டு ஆளுங்க பாத்தா சிரிப்பாங்கடா.”

“சிரிக்கட்டும்லா. ஷீட்டு மாதிரி தொங்கு மச்சான், சுருக்கம் போயிரும்.”

பல்லைக் கடித்தாய், முனகினாய், என் பரம்பரையையே திட்டினாய். பிறகு நீயாகவே வந்து தொங்கினாய். துணைக்குப் பக்கத்துக் கட்டையில் நான். அவன் அடுத்த முறை வந்தபோது குனிந்தாய், பாக்குமரம் மாதிரி நிமிர்ந்தாய். நாற்காலி தங்கியது. தங்கச்சிக்குத் தாலியும் தங்கியது.

நம் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் அந்தப் பதில் வணக்கக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். கடைசிக் காலத்தில் நீயே எழுந்து நடித்துக் காட்டினாய்.

உனக்குத் தெரியாததா. அவன் குனியவில்லை, அறைந்தான். விழுந்தும் வளைந்தே கிடந்தாய். வீங்கின கன்னத்துக்குப் பல்வலி என்று தங்கச்சியிடம் சொன்னாய். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய். அப்போதுதான் வாயாலேயே அவனைக் குனியவைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

இத்தனை வருஷமாக அவன் குனிந்தபடியே நிற்கிறான் மச்சான். நான் இருக்கிறவரை நிமிர விடமாட்டேன்.