சிவப்புக் கோடு வரைக்கும்

மச்சான்,

கையில் இன்னும் புங்க இலை வாசனை அடிக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வெட்டினேன். அதற்கப்புறம் பஸ் ஏறிக் கடலூர் போய், ஐஸ் கம்பெனியில் ராத்திரி முழுக்க ஐஸ்பாளம் உறைகிற உப்புத் தண்ணீர்த் தொட்டியோடு மாரடித்துவிட்டு வந்தும் போகவில்லை. காலையில் மாடி அறையில் வந்து படுத்தால் கூரை ஷீட்டில் வெயில் ஏறிவிட்டது. ஃபேன் சுடுகாற்றைத்தான் சுற்றி அடிக்கிறது. தூக்கம் வரவில்லை. என்னைத் தூங்க விடாதவன் எவனோ அவனுக்கே எழுதுவோம் என்று பேனாவை எடுத்தேன். செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பாள் உன் தங்கச்சி. நீ உயிரோடு இருந்தபோதும் இதையேதான் சொன்னாள், எங்க அண்ணனத் திட்டாதீங்க என்று.

சிதம்பரத்தில் வேறு மனையே இல்லாத மாதிரி, உன் அப்பா இரண்டாகப் பிரித்துக் கொடுத்த இடத்தில் உன் பக்கத்திலேயே வீடு கட்டியது என் தலையெழுத்து. நீ கிழக்கே, நான் மேற்கே, நடுவில் ஆளுயரச் சுவர். சுவரை ஒட்டி என் பக்கத்தில் அந்தப் புங்கமரம். ஒரு கிளை உன் மாடி வரை ஓங்கி நின்றது. இன்னொன்று என் பின்கட்டில் தாழ்ந்து கிடந்தது. ஓங்கி நின்ற கிளைதான் விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் என் ஷீட்டில் வெயில் விழாமல் காத்தது. ராத்திரி வேலைக்காரனுக்குக் காலைதான் ராத்திரி. அந்த நிழல்தான் என் தூக்கம்.

இது உனக்குத் தெரியாததில்லை. உனக்குத் தெரியாதது என்ன இருந்தது? ஜெராக்ஸ் கடையை மகன் தலையில் கட்டிவிட்டு, அவன் அதை மூடிவிட்டு மஸ்கட் போனபிறகு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கிளம்பினாய். புவி வெப்பமயமாதல், விளைவுகளும் தடுக்கும் வழிகளும். பிள்ளைகளுக்குச் சொன்னது போதாதென்று பொங்கலன்று என் வீட்டு இலையில் உட்கார்ந்தும் அதையே பேசினாய். என் பொங்கலைத் தின்றுகொண்டே என் வேலையில் குறை பிடித்தாய்.

"ஒரு நாளைக்கி உங்க கம்பெனி இழுக்கிற கரண்டுல நம்ம தெருவே பல நாள் ஓடும் மாப்ள. அந்தக் கரண்டு எங்கேருந்து வருது? நிலக்கரிய எரிச்சி வருது. கடல நீங்களே சூடாக்குறீங்க, அப்புறம் மீனுக்கு ஐஸு போடுறீங்க."

"அப்ப மீன அழுகவுட்டுத் தின்றியா?" என்றேன். உன் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். நீ சிரிக்கவில்லை. சாம்பாரைப் பிசைந்தபடி, "இன்னும் கொஞ்ச வருசத்துல பகல்ல தூங்கவே முடியாது பாரு" என்றாய். சாபமா ஜோசியமா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

பிறகு உன் மாடியில் சோலார் வந்தது. நீலநீலமாகப் பலகைகளை மாட்டிவிட்டுத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாய். மத்தியானம் தாண்டினால் புங்கநிழல் பாதிப் பலகையில் விழுகிறது என்று மறுவாரமே என் வாசலில் வந்து நின்றாய். அந்தக் கிளையை எடுக்கணுமாம். முடியாது என்றேன். மரம் வையுங்கள் என்று ஊரெல்லாம் கத்துகிறவன் இருக்கிற மரத்தை வெட்டச் சொல்கிறாயே, வெட்கமாக இல்லையா என்றேன். நீ கணக்குச் சொன்னாய், மரம் எவ்வளவு புகையைக் குடிக்கும், பலகை எவ்வளவு புகையை மிச்சம் பிடிக்கும் என்று. எனக்குக் கணக்கு வேண்டாம், தூக்கம் வேண்டும் என்று கதவைச் சாத்தினேன்.

நான் தூங்கும்போது வெட்டினாய். மெஷின் ரம்பத்தின் சத்தத்தில் எழுந்து வந்தால் கிளை உன் மாடியில் சாய்ந்து கிடக்கிறது. உன் தங்கச்சி அடுப்படி வாசலில் நின்றாள். "அண்ணன் கேட்டுச்சி. எப்பிடி வேணான்னு சொல்றது?" என்றாள். நீயோ ஒன்றும் நடக்காத மாதிரி பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறி, மரத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டாய்.

"இந்தக் கோட்டுக்கு மேல வளந்தா வெட்டுவன் மாப்ள. கீழ உன் இஷ்டம். ஷீட்டுக்கு வெள்ள அடி, சூடு கொறையும்."

அறைந்திருப்பேன். உன் தங்கச்சி நடுவில் வந்தாள். வெள்ளையும் அடிக்கவில்லை. நீ சொன்னாய் என்பதற்காகவே அடிக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தெருவே விசிறியைத் தேடியது. உன் வீட்டில் மட்டும் ஃபேன் ஓடப்போகிறது என்று எல்லோரும் உன் ஜன்னலைப் பார்த்தோம். ஓடவில்லை. சோலார் மாட்டிய பையனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினாய். "லைன்ல கரண்ட் இருந்தாத்தான் சார் இது ஓடும். இல்லன்னா லைன்ல வேல பாக்கறவனுக்கு ஷாக் அடிச்சிரும்ல, அதான் தானா ஆஃப் ஆயிடும். பேட்டரி வச்சது வேற சார்" என்று அவன் நிதானமாகச் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. எனக்கும் அது புதுச் செய்திதான். ஆனாலும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம். சட்டையில்லாமல், துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டு என் பின்கட்டுக்கு வந்து, மிச்சமிருந்த கிளைக்குக் கீழே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் சும்மா இருந்தாயா? மரத்தடியில் தண்ணீர் தேங்குகிறது, கொசு வரும் என்று என்னைத் திட்டினாய். உன் தங்கச்சி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப்பின் கரண்ட் போகும்போதெல்லாம் அந்தக் கல் உன்னுடையது. ஒருநாள்கூட நிழலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை நீ. போ என்று நானும் சொன்னதில்லை. சண்டை போடுவதற்கு அதைவிடக் குளிர்ச்சியான இடம் தெருவில் இல்லை.

கத்திரி வெயிலில் நீ செத்தாய். ஏதோ ஊர் நூலகத்தில் பேசிவிட்டு சைக்கிளில் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான். சட்டைப் பையில் உன் பேச்சுக் காகிதம் மடித்தபடி இருந்தது. மகன் வந்துசேர மறுநாள் ஆகும் என்றார்கள். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்து உன்னை வைத்தோம். மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. இந்தத் தெருவில் அத்தனை ஏசி ஓடினால் அது என்ன செய்யும், நீயே சொன்னதுதான். பெட்டி நின்றுபோனது. உன் மாடியில் பலகைகள் வெயிலில் பளபளவென்று சும்மா கிடந்தன. ஜெனரேட்டர் எதுவும் சிக்கவில்லை.

உன் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவுரு நாறிடக்கூடாது. புள்ள வந்து மூஞ்சப் பாக்கணும்."

குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்துக் கடலூர் துறைமுகத்துக்கு ஓடினேன். விசைப்படகுக்காரன் ஒருவன் தன் படகில் ஏற்றுவதற்காக எங்கள் கம்பெனியில் வாங்கி வைத்திருந்த ஐஸ் பாளங்களை விட்டுக்கொடுத்தான். இப்போதெல்லாம் கரையோரம் மீன் இல்லை, வெகுதூரம் போகிறார்கள், முன்னைவிட ஐஸ் ஜாஸ்தி வேண்டும் அவர்களுக்கு. அப்படியும் கொடுத்தான். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து உன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் விலாவிலும் நான்தான் அடுக்கினேன். நிலக்கரியை எரித்து உறைய வைத்த ஐஸ், மச்சான். இப்ப பேசு என்று உன் காதில் சொன்னேன். அன்றைக்கு உன்மேல் வந்த ஆத்திரம் எனக்கு எவன்மேலும் வந்ததில்லை. வாயை மூடாதவன் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

உன் மகன் வந்தான், உன் முகத்தைப் பார்த்தான். முகம் முகமாகவே இருந்தது.

அதற்குப்பின் கோடு தாண்டிப் புங்கன் துளிர்த்தது. வெட்ட ஆளில்லை. மழைக்கு மழை ஓங்கி வளர்ந்து, இந்த வருசம் காலை நிழல் பழையபடி என் ஷீட்டில் விழத் தொடங்கியது. மதியம் வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். ஜெயித்தேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

நேற்று நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது அண்ணாந்து பார்த்தேன். உன் வீட்டுக்காரி மாடியில் நின்று ஈரத்துணியால் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நீ தினமும் துடைப்பாயே அதே மாதிரி. பாதிப் பலகை நிழலில் கிடந்தது. அந்தப் பாதியையும் துடைத்தாள். "வுடும்மா, நெழல்ல கெடக்கறதத் தொடச்சி இன்னா ஆவப்போவுது?" என்றேன்.

"அவுரு தொடைப்பாரு அண்ணே" என்றாள். கிளையை எடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.

பஸ்ஸை விட்டுவிட்டு அரிவாளோடு ஏணி வைத்து ஏறினேன். உன் தங்கச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கோடு வரைக்கும் வெட்டினேன், ஒரு விரல்கூடக் கீழே இறங்கவில்லை. பலகையில் வெயில் விழுந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அதனால்தான் இப்போது வேகிறேன். நீ சொன்னது பலித்துவிட்டது, பகலில் தூங்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அதெல்லாம் கிடையாது. வெயில் தாழ்ந்ததும் கடைத்தெருவுக்குப் போய் ஷீட்டுக்கு அடிக்க வெள்ளை வாங்கப் போகிறேன். கூடவே சிவப்பும் ஒரு சின்ன டப்பா வாங்க வேண்டும். நேற்றுக் கிட்டத்தில் பார்த்தேன், உன் கோடு அழிந்துகொண்டு வருகிறது.