வள்ளத்துத் தண்டு

தெல்லிப்பழை. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலுக்கு மறுவருஷம், மாசி.

அன்பின் நாகேஸ்வரிக்கு, நான் சுகம். உமது முழங்கால் வலி எப்படி? நான் காவல் நிற்கும் பட்டறையின் முதலாளி ஹலீமின் மனைவி ஹப்ஸா, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறா.

தம்பி ஹலீம் உள்ளங்கையளவில், ஓடக்கூடிய மெஷின் ஒன்று செய்தார். அதன் சக்கரத்தைச் சுழற்றும் கிறாங் தண்டுக்குக் கடையில் வாங்கிய மினுங்கும் கம்பியைக் கடைந்தார். கழற்றிக் கண்ணாடியில் உருட்டினால், மயிரளவு வளைந்திருந்தது. அடுத்ததாக லொறி அச்சுத் துண்டொன்றைப் போட்டார்; அது கடையும் உளியையே உடைத்தது. பிறகு என் கட்டிலுக்குக் கீழே, புயலில் உடைந்த எங்கள் வள்ளத்தின், மெஷினிலிருந்து விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டைக் கண்டு தட்டிப் பார்த்தார்.

"அப்பு, உது சூட்டோடை உருட்டின இரும்பு. கடைக் கம்பி மாதிரி உள்ளுக்குக் கோபம் வைச்சிருந்து, கடைஞ்ச பிறகு வளையாது. ஒரு சாண் தாறியளோ?"

"அது கடலிலை போன பொடியளின்ரை வள்ளம், தம்பி."

"அப்ப வேண்டாம் அப்பு." துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்காகவே வெட்டச் சொன்னேன்.

கடைந்த பிறகு அது வளையவேயில்லை. நேற்று மெஷின் படபடவென்று ஓடியது. என்ன கண் அந்த மனிதருக்கு! நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கொஞ்சம் பாரைக் கருவாடு அனுப்பும். இங்கே எங்கும் புகையிலை மணம்தான். தபால்காரர் வந்துவிட்டார். அந்தத் தண்டு திரும்பவும் சுழல்கிறது என்று உமது தம்பி சோமசேகரத்திடம் போய்ச் சொல்லும். அந்த வள்ளத்தில் என்னோடு வந்தவர்களில் கேட்பதற்கு மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான்.