இரண்டு வில்லைகள்

அன்பு மனைவிக்கு,

இன்று கரையில் பனிக்கரடி தெரிந்ததும் பயணிகளைக் கப்பலுக்கு அனுப்பினோம். கப்பலில் ஏறியவர்கள் வாசல் பலகையில் தங்கள் எண் வில்லையைத் திருப்ப வேண்டும். எல்லாம் திரும்பியிருந்தன என்றார்கள். துப்பாக்கியோடு நானும் படகில் ஏறினேன்.

கப்பலிலிருந்து கூட்டாளி ஹோகன் ரேடியோவில் கூப்பிட்டான்.

"டேய், கிளம்பாதே. ஒரு பெரியவர் பொண்டாட்டி வில்லையையும் சேர்த்துத் திருப்பிட்டாராம். அந்தம்மா அங்கதான் இருக்காங்க."

இறங்கி ஓடினேன். அந்தம்மா பாறைக்குப் பின்னால், தந்தம் நீண்ட வால்ரஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நூறு தப்படியில் கரடி. தோட்டாவை ஏற்றினேன்.

"ஓடாதீங்கம்மா. மெதுவா வாங்க."

வந்தார். கரடி நின்றது. சுடவில்லை.

படகில் சொன்னார்: "எனக்கும் சேர்த்து அவரே செஞ்சிடுவார். முப்பது வருஷப் பழக்கம்."

உன்னைக் கேட்காமல் நம் இருவருக்கும் இங்கே வீடு பிடித்தேன். அதன்பிறகுதான் நீ எழுதுவதை நிறுத்தினாய். வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வருவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்து எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கணவன்