நேர்த்தித் தேங்காய்

செவ்வாய்க்கிழமை, பாரிஸ்

சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்யும் மகளின் முதல் பெரிய வழக்கு வென்றால், இங்கே லா சப்பல் கோயில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன். அவள் யாருடைய பக்கம் வாதாடுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்று என் கடைத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று, கட்டாமல் விட்ட வரியைக் கட்டியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. "நல்லா வேணும் அவைக்கு," என்று சொல்லி, கடையில் நின்றவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் தேநீர் கொடுத்தேன்.

மாலையில் மகள் தொலைபேசியில் அழுதாள். "அப்பா, நாங்கள் தோத்திட்டம். அந்தக் கொம்பனிக்காகத்தான் வாதாடினனாங்கள். இனி மேன்முறையீடும் இல்லை."

"அழாதை பிள்ளை," என்றேன்.

எடுத்துவைத்த தேங்காயைச் சம்பலுக்கு உடைக்கவோ என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். நாளை கோயிலில்தான் உடைப்பேன். எதற்கென்று மகள் கேட்காமல் இருக்க வேண்டும்.