பத்தால் வகுத்தால்

பிப்ரவரி 3, 2025, திங்கள். பொம்மனஹள்ளி, பெங்களூர்

இன்று சில்க் போர்டு சிக்னலில் நின்ற நேரத்தில் எனக்கு இரண்டு பல் விழுந்து மூன்று முளைத்தன. வீட்டுக்கு வந்தால் யசோதா என் பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள்.

“நாளைக்கு மங்களூர் பஸ், மாமா. ரக்ஷாவையும் குழந்தையையும் கூட்டிட்டு வர்றீங்க. அவ புருஷன் வந்தா வரட்டும்.”

“படை எத்தனை பேர் தருகிறாய்?”

“நீங்க ஒருத்தர் போதும். சத்தம் பத்து பேருக்கு இருக்கு.”

என் அக்கா போன பிறகு அவளுடைய இரண்டு பெண்களும் என் கூரைக்குக் கீழேதான். ஆனால் ரக்ஷாவை வளர்த்தது நான் அல்ல, யசோதா. பத்தொன்பது வயதில் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போனவள் தங்கையை இன்ஜினியர் ஆக்கிவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். இருபத்து நாலு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். சட்டையை ஒரு இழு இழுப்பாள். தையல் கோணியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். டிசம்பரில் கம்பெனி ஊருக்கு வெளியே மாறியதும் வேலையை விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் செக்கிங்குக்கு நான் ஒரு பீஸ்தான்.

ரக்ஷாவோ எலெக்ட்ரானிக் சிட்டி வேலையை லேப்டாப்பில் சுருட்டிக்கொண்டு, புருஷன் ஆம்ப்ரோஸ் வாங்கிய பழைய மீன்பிடிப் படகில் எட்டு மாதமாகக் குடும்பம் நடத்துகிறாள். மகள் தர்ஷினிக்கு மே வந்தால் ஐந்து. அடுத்த தெரு ஸ்கூலில் யசோதா இடம் சொல்லி வைத்திருக்கிறாள். இருபத்தெட்டாம் தேதிக்குள் சேர்க்க வேண்டும்.

“தண்ணி மேல குழந்தைய வளர்க்கிறாங்களே மாமா. எனக்கு சோறு இறங்கல.”

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. தர்ஷினியின் பழைய கவுனை மடித்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே மடித்துத்தான் இருந்தது.

பிப்ரவரி 5, புதன். மங்களூர், படகு ‘ஸ்டெல்லா’

மைசூர் அரண்மனையைத் தண்ணீரில் நனைத்துச் சுருங்கவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் ஸ்டெல்லா. நீளம் அறுபதடி. மேலே துணிக்கொடி, துளசித் தொட்டி, மாதா படம், வைஃபை. மீன் கொட்டிவைத்த கிடங்குதான் இப்போது படுக்கையறை. பதினைந்து வருஷம் அயிலை மீன்கள் படுத்த இடத்தில் இனி மாட்சிமை தாங்கிய ஞானசேகரனாகிய நான் படுப்பேன்.

ஏறியதும் என்னை அட்மிரலாக நானே நியமித்துக்கொண்டேன். மைக்செட் கடை வைத்திருக்கும் எனக்கு அறிவிப்பு செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. தர்ஷினி சல்யூட் அடித்தாள்.

இங்கே ஒரு சட்டம். முன்முனையிலிருந்து பின்முனைவரை இடுப்புயரத்தில் ஒரு கயிறு ஓடுகிறது. மேல்தளத்தில் இருக்கும்வரை தர்ஷினியின் பெல்ட் கொக்கி அந்தக் கயிற்றில் மாட்டியிருக்க வேண்டும். அவிழ்ப்பதென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் “கழட்டறேன்” என்பார். மற்றவர் குழந்தையைப் பிடித்துக்கொண்டு “பிடிச்சிருக்கேன்” என்பார். அந்தப் பதில் வந்த பிறகுதான் கொக்கியில் கை.

“சிரிக்கலாம் மாமா, எதை வேணா கிண்டல் பண்ணலாம். இது ஒண்ணு மட்டும் விளையாட்டில்ல” என்றான் ஆம்ப்ரோஸ். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. படகு இன்ஜின் ரிப்பேர் வேலை. இன்ஜின்களோடு இருந்து இருந்து, தான் பேசினால் கேட்காது என்ற முடிவுக்கு வந்துவிட்டான் போல.

பிப்ரவரி 7, வெள்ளி

யசோதாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: “இன்று என்னை ஒரு மீன் முறைத்தது. நீளம் ஒரு ஆட்டோ.”

பதில்: “அப்ப அயிலை.”

சின்ன வயசிலிருந்தே அவளுக்கு இந்தக் கணக்குத்தான். மாமா சொன்னதைப் பத்தால் வகு. வகுத்து வருவதுதான் உண்மை. ஒரு தடவையும் தப்பியதில்லை, பாவி.

காலையில் பக்கத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடுகிறது. ரக்ஷாவின் ஆபீஸ் மீட்டிங்கும் அதே நேரம். “பின்னாடி என்ன சத்தம்?” என்று மேனேஜர் கேட்டாராம். “பக்கத்துல கன்ஸ்ட்ரக்ஷன் சார்.” பெங்களூர்க்காரர், உடனே அனுதாபப்பட்டாராம்.

பிப்ரவரி 10, திங்கள்

தூது வந்த வேலையை இன்றுதான் எடுத்தேன். ரக்ஷா கரைக்குழாயிலிருந்து தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வந்தாள். கரைக்கும் படகுக்கும் நடுவே போட்ட பலகை காலையில் மேல்நோக்கிச் சாய்கிறது, மாலையில் கீழ்நோக்கி. கடல் ஏற இறங்க, இந்த வீட்டு வாசற்படியும் ஏறி இறங்குகிறது.

“அக்கா அனுப்பிச்சாளா?”

“நான் சுயமரியாதை உள்ள அட்மிரல். யாரும் அனுப்ப முடியாது.”

“மாமா.”

“அனுப்பினாள்.”

கேனை இறக்கி வைத்தாள். “பெங்களூர்ல ஆபீஸ் கேப்ல போய் ராத்திரி கேப்ல வருவேன். வந்து பார்த்தா இவ தூங்கிருப்பா. ஒரு வருஷம் எம்பொண்ண தூக்கத்துலயே பார்த்தேன். இங்க இவ எந்த வார்த்தைய எப்ப கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியும். அத அக்கா கிட்ட எப்படிச் சொல்றது? எனக்காக ராப்பகலா நின்னவ. ‘நீ வளர்த்தது போதும்’னு சொல்ற மாதிரி ஆயிடாது?”

இரவில் அவள் வைத்த மீன் குழம்பில் மூன்றாம் கரண்டி ஊற்றிக்கொண்டேன். தூதன் எதிரி முகாமில் விலைபோய்விட்டான் என்று வரலாறு எழுதட்டும்.

பிப்ரவரி 12, புதன்

நாளை மாலை ஐந்து மணிக்கு எனக்கு முடிசூட்டு விழா. அரபிக்கடல் முழுவதும் என் வசம் வருகிறது. கிரீடத்துக்கு அலுமினியச் சட்டி தேய்த்தாகிவிட்டது. தர்ஷினி ராஜகுரு.

பிப்ரவரி 13, வியாழன்

தர்ஷினி தண்ணீரில் விழுந்தாள். எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று மாலை கிரீடச் சட்டியோடு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கயிறு எட்டவில்லை, கிரீடம் வைக்க அவளால் வர முடியவில்லை. ரக்ஷா கீழே மீட்டிங்கில். ஆம்ப்ரோஸ் பக்கத்துப் படகு இன்ஜினில். “கழட்டறேன்” என்றேன், ராஜா குரலில். உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு சேவகன் குரலில் நானே “பிடிச்சிருக்கேன்” என்றேன். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான். வேறு எதுக்கு? ரெண்டு குரல்ல பேசினேனே தவிர கை ஒண்ணும் பிடிக்கலயே. சட்டியைத்தானே பிடிச்சிட்டிருந்தேன்.

கொக்கியை அவிழ்த்தேன். அவள் சுற்றி ஓடிவந்தாள். ஈரத்தில் கால் வழுக்கியது. இரண்டு படகுக்கும் நடுவே, டயர் தொங்கும் சந்தில் –

எத்தனை நொடி என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் எண் சொல்கிறவனுக்கு இதற்கு எண் தெரியவில்லை. ஆம்ப்ரோஸ் அங்கிருந்தே குதித்தான். ஒரு கையால் படகைத் தள்ளிப்பிடித்து, மறு கையால் அவளைத் தூக்கினான். இருமினாள். அழுதாள். டாக்டர் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆம்ப்ரோஸ் என்னைத் திட்டவில்லை. “ரெண்டாவது ஆள் எங்க மாமா?” என்று மட்டும் கேட்டான். ரக்ஷா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

காலையில் யசோதாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கேவலமான ஒரு யோசனை வந்தது. ‘திமிங்கிலம் வந்து குழந்தையை வாயில் கவ்வியது, நான் வாலைப் பிடித்து மூன்று சுற்று சுற்றினேன்’ என்று சொன்னால் போதும். அவள் பத்தால் வகுப்பாள். சிரிப்பாள். நானும் சொன்னவன் ஆவேன், அவளும் தெரியாதவள் ஆவாள். குரலைப் பதிவுகூடப் பண்ணிவிட்டேன். நன்றாக வந்திருந்தது. அதுதான் வெட்கம்.

அழித்தேன். இப்படி அனுப்பினேன்: “நேற்று தர்ஷினி தண்ணீரில் விழுந்தாள். நான்தான் கொக்கியை அவிழ்த்தேன். நன்றாக இருக்கிறாள்.”

மாலையில் ஒரு வரி வந்தது: “பஸ் ஏறிட்டேன்.”

பிப்ரவரி 15, சனி

வந்துவிட்டாள். பலகையில் நிற்கப் பயந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து படகுக்கு வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள், உருப்படியைத் திருப்பிப் பார்ப்பதுபோல. பிறகு பெல்ட்டைக் கேட்டாள். ஒரு இழு இழுத்தாள். தோள்பட்டைத் தையலிலிருந்து நூல் வந்துவிட்டது.

“சிங்கிள் தையல். இத நம்பியா விட்டிருக்கீங்க?”

ஆம்ப்ரோஸ் முகம் வெளுத்தது. “கடைல வாங்கினது அக்கா.” ஊசி நூல் எடுத்துவந்து அப்போதைக்குக் கையால் தைத்தான்.

“நாளைக்கு சாயந்திரம் நான் குழந்தையோட கிளம்புறேன்” என்றாள் யசோதா.

பெண்கள் இருவர், படகு ஒன்று, பேச்சு பூஜ்யம். வகுக்க ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் கைப்பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். வேலையை விட்டும் விடாமல் வைத்திருக்கிறாள்! குழந்தையைத் தூக்கிப்போகுமுன் படகின் லட்சணத்தைத் தங்கைக்குக் காட்டப்போகிறாளாம். வழுக்கும் பலகை – ஒரு அம்பு. கம்பிவேலியில் ஓட்டை – ஒரு அம்பு. கேஸ் குழாய், ஆடும் ஏணி, துருப்பிடித்த கொக்கி. மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்று. ஸ்டெல்லாவுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

நாற்பத்திரண்டாவதை என் சட்டைப்பையில் ஒட்டினாள். கண்ணைப் பார்த்து ஒட்டினாள்.

ஆம்ப்ரோஸ் டூல் பாக்ஸைத் திறந்து முதல் அம்பிலிருந்து ஆரம்பித்தான். அவள் நின்று பார்த்தாள். சாயங்கால பஸ் போய்விட்டது.

பிப்ரவரி 19, புதன்

மிச்சம் அம்புகள் இருபத்தாறு.

இன்று ஒன்று நடந்தது. யசோதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரக்ஷா தர்ஷினியைக் கீழே சாப்பிடக் கூட்டிப்போக வந்தாள். “கழட்டறேன்” என்றாள் குழந்தையே முந்திக்கொண்டு. பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள். இதுவரை ரக்ஷாவும் ஆம்ப்ரோஸுமே பிடித்துவந்ததால் யசோதாவுக்கு இந்தச் சட்டம் சரியாகத் தெரியாது. “வா கண்ணு, சோறு ஆறுது” என்றாள். தர்ஷினி நகரவில்லை.

“நீ சொல்லணும் பெரிம்மா.”

“என்னத்த?”

“கையால பிடிச்சிட்டு சொல்லணும். தாத்தா பிடிக்காம சொல்லிட்டாங்க. அதான் விழுந்தேன்.”

நான் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் இருந்தேன். அங்கேயே இருந்துகொண்டேன்.

யசோதா ஈரத்துணியைத் தோளில் போட்டாள். முட்டிபோட்டுக் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்தாள். “பிடிச்சிருக்கேன்.” அப்புறம்தான் ரக்ஷா கொக்கியை அவிழ்த்தாள். யசோதா மட்டும் கையை எடுக்கவில்லை. சோறு ஆறியேவிட்டது.

பிப்ரவரி 22, சனி

துறைமுகத்தில் தார்ப்பாய் தைக்கிற கடையில் பெரிய மெஷின் இருக்கிறது. யசோதா போய்க் கன்னடத்தில் பேசி அரைநாள் உட்கார்ந்துவிட்டாள். பெல்ட்டைப் பிரித்து இரட்டைத் தையல், இழுபடும் இடங்களில் குறுக்கே அடர்த்தியாய் ஒரு தையல். ஆம்ப்ரோஸ் அதை ஒரு கம்பியில் மாட்டித் தொங்கிப்பார்த்தான். கம்பி வளைந்தது, தையல் அசையவில்லை. “சக்கத்தா இருக்கு அக்கா, பிரமாதம்” என்றான்.

அவள் அதே மாதிரி இன்னும் இரண்டு தைத்திருந்தாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று ஒரு யானைக்குட்டிக்குச் சரியாக இருக்கும் அளவு. யாருக்கென்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் பெல்ட் மாட்டிக்கொண்டு யசோதா முன்முனையில் உட்கார்ந்திருந்தாள். ரக்ஷா பக்கத்தில்.

“இந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் இருக்காமே. நடந்தே போற தூரமாம்” என்றாள் யசோதா. “யாராவது கொண்டு போய் விட்டுக் கூட்டி வரணும். உனக்கு மீட்டிங்கு.”

“அக்கா…”

“அழாத. இன்னும் ஏழு அம்பு இருக்கு. அது முடியாம நான் போக முடியாது. அப்புறம் புதுசா ஏதாவது கண்ல படும்.”

பிப்ரவரி 24, திங்கள்

முகூர்த்த சீசன். மைக்செட்டுக்கு ஆள் இல்லாமல் கர்நாடகத்துத் திருமணங்கள் அனைத்தும் நின்றுபோயிருக்கின்றன. நான் கிளம்பினேன்.

படகை விட்டு இறங்குமுன் தர்ஷினி என் கையைப் பிடித்து இழுத்தாள். கரைவரை வந்து வழியனுப்ப வேண்டுமாம், கொக்கியைத் தாத்தாதான் அவிழ்க்க வேண்டுமாம்.

“கழட்டறேன்” என்றேன். என் சொந்தக் குரலில். பிறகு காத்திருந்தேன். பத்து நாளாக என்னோடு பேசாத ரக்ஷா வந்து குழந்தையைப் பிடித்தாள்.

“பிடிச்சிருக்கேன் மாமா.”

கொக்கியை அவிழ்த்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைத் தள்ளிச் சட்டைப்பையைக் காட்டினேன்; அதே சட்டை. யசோதா அம்பைப் பார்த்தாள். “அது இருக்கட்டும். அடுத்த தடவ வரும்போது பார்க்கலாம்.”

பிப்ரவரி 25, செவ்வாய். பொம்மனஹள்ளி

இரண்டு பேரைக் கூட்டிவரப் போனவன், ஒருத்தியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த தெரு ஸ்கூலுக்குப் போய், இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மடித்து வைத்த கவுன் அலமாரியில் அப்படியே இருக்கிறது. ரசம் வைத்தேன். யசோதாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: “வந்து சேர்ந்தேன். சாப்பிட்டேன்.”

ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. பின்னால் ஐஸ் மெஷின் சத்தம்.

“என்ன மாமா ஆச்சு? உடம்பு சரியில்லையா?”

“ஒன்றுமில்லையே.”

“பின்ன ஏன் இப்படி ரெண்டே வரி? அன்னைக்கும் இப்படித்தான் சுருக்கமா அனுப்புனீங்க. ஒழுங்கா சொல்லுங்க.”

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “எப்படிச் சொல்வேன் யசோதா! மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது. நாற்பது யானைகள் வந்து தள்ளின. நான் முன்னால் நின்று மைக்கில் தாளம் சொன்னேன்.”

பத்தால் வகுத்திருப்பாள்.

“சரி. நல்லா இருக்கீங்க” என்றாள். “வச்சிடறேன், குழந்தைய கீழ கூட்டிட்டுப் போகணும்.”

வைப்பதற்கு முன், தூரத்தில் தர்ஷினியின் குரல் கேட்டது. “கழட்டறேன்!”