துருவாயி

லா நோரியா,
செப்டம்பர் மாதம்

அன்புள்ள ரொசேந்தோவுக்கு,

தொமித்தீலா எழுதுவது. நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் நலமாக இருக்கிறோம். அங்கே தக்காளித் தோட்டத்து வெயிலில் உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கக் கன்னிமாதாவை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பேசும்போதெல்லாம் நம் பெரியவள் மாரிக்ரூஸ் என் தோளில் சாய்ந்தபடி நிற்கிறாள். நம்மூர் எவாரிஸ்தோ வேலைக்காக அங்கே வடக்கே வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் மழைநீர்த் தொட்டி கட்டி முடித்துவிட்டோம். நகரத்துத் தொண்டர்கள் சிமெண்டும் கம்பியும் கொண்டுவந்தார்கள். மணல் சலித்தது, கலவை சுமந்தது எல்லாம் தாய்மார்கள்தான். இந்த ஊரில் ஆண்கள் யார் இருக்கிறார்கள்? ரொட்டிக்குச் சோளமாவு பிசையும்போது இன்னும் என் கை மரத்துப்போகிறது.

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினாலும் அதிலிருக்கிற ஃப்ளோரைடு உப்பு போகாதாம். அதுதான் பிள்ளைகளின் பல்லைப் பழுப்பாக்கியதாம். இனி மழைத்தண்ணீர் குடித்தால் நம் சின்னவன் பேத்தோ மாதிரிக் கைப்பிள்ளைகளுக்கு நல்ல பல் முளைக்கும். மாரிக்ரூஸுக்கு முளைத்தது முளைத்ததுதான், மாறாது என்று தொண்டர்களில் ஒருத்தியான நயேலி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாலையோரத்து வீட்டுப் பிள்ளைகள், பல் வெள்ளையாக இருக்கிற திமிரில், போன வருஷம் மாரிக்ரூஸைப் படுத்திய பாடு உனக்குத் தெரியும். "ஏய் துருவாயி, வாய மூடு! காத்துப் பட்டா இன்னும் துருப்புடிக்கும்!" இந்த வருஷம் அவள் அழுதுகொண்டு வரவில்லை. விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

நயேலி பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து இந்தக் கிண்டலைப் பற்றியும் பேசுவாள். வெள்ளிக்கிழமை நான் வெளியே தொட்டிச் சுவர் பூசிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. "உங்களுக்கு யாராவது பட்டப்பேர் வெச்சு அழ வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். கிணற்றடி வீட்டு பெர்த்தாவின் மகள் சாயோ எழுந்தாள். ஆறு வயதுதான். நம் மகளைவிட அவள் பல் மோசம்.

"மாரிக்ரூஸ்தான். என்னைத் துருவாயிங்கிறா. எல்லாரையும் சிரிக்க வெக்கிறா."

பெர்த்தா என் பக்கத்தில்தான் பூசிக்கொண்டிருந்தாள். என் சட்டியில் கலவை தீர்ந்திருந்தது. அவளுடையதை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கை ஓங்கினேன். அடிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நான் அவளைச் சொன்னா அவங்க என்னைச் சொல்றதில்லம்மா."



ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவளை பெர்த்தா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தரையைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டாள். சாயோ விடவில்லை. "நாளைக்கும் சொல்லுவியா?" என்றாள். மாட்டேன் என்றாள் இவள். "அவங்க சொன்னா?" இவள் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். பிறகு, "உன் பக்கத்துல நின்னுக்கறேன்" என்றாள்.

நின்றிருக்கிறாள். திங்கட்கிழமை சட்டைக் கை கிழிந்து, முகம் வீங்க அழுதுகொண்டு வந்தாள். இப்போது இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிறார்களாம். அடுத்த நாளும் சாயோவைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். எத்தனை நாள் தாங்குவாளோ. வாத்தியாரிடம் நயேலி பேசியிருக்கிறாள், அவரும் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் மாதக் கடைசியில் தொண்டர்கள் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் இங்கே நாங்கள்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேற்று அவள் உன் படங்களையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் நீ உதட்டை இறுக்கியிருக்கிறாய், இல்லையென்றால் கையால் வாயை மறைத்திருக்கிறாய். "அப்பாவுக்கும் என்னை மாதிரிதானா?" என்று கேட்டாள். ஆமாம், அதே கிணறுதான் என்றேன்.

நீ வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. வேறு எதுவும் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்,
தொமித்தீலா